ஒரே சம்பளத்தில் குடும்பம்: தேதி போட்டுச் செலவு செய்யும் முறை

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த மாசம் எப்படி இவ்வளவு ஆச்சு?" கேட்பவர் என் கணவர், பதில் சொல்ல வேண்டியவள் நான். உண்மையில் இருவருக்குமே பதில் தெரியாது. இரண்டாவது குழந்தை பிறந்து நான் வேலையை விட்ட பிறகு முதல் இரண்டு வருடம் இப்படியே ஓடியது. சம்பளம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் உட்கார்ந்து 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது. வழக்கமான மாதச் செலவு சம்பளத்துக்குள் அடங்கித்தான் இருந்தது. பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், வண்டி ரிப்பேர் என்று ஏதாவது ஒன்று வருடத்தில் நான்கு மாதம் வந்து விழும். அதற்கு வாங்கிய கடனை அடைப்பதிலேயே மீதி எட்டு மாதமும் கரைந்துபோயிருந்தது.

அதனால் எதை வாங்கக் கூடாது என்ற பட்டியல் எதுவும் இங்கே கிடையாது. ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் அதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டிருப்பார்கள். பணம் எந்தத் தேதியில் வருகிறது, எந்தத் தேதியில் போகிறது, இது வீட்டில் யார் யாருக்குத் தெரியும் என்பதை ஒழுங்குபடுத்துவதுதான் இங்கே வேலை.

கணக்குக்கு வசதியாக, கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சம்பளத்தை 100-ஆல் வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிடித்தமெல்லாம் போக அக்கவுன்ட்டில் விழும் தொகையை மட்டும் எடுங்கள்.

படி 1: முதலில் பின்னால் திரும்பிப் பாருங்கள்

ஆசைகளை எழுதிவிட்டு அதற்கு பட்ஜெட் என்று பெயர் வைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. "மளிகைக்கு 15 பங்குக்கு மேல் போகக் கூடாது" என்று எழுதுவது எளிது. போன வருடம் உண்மையில் எவ்வளவு ஆனது என்று தெரியாமல் எழுதினால் பத்தாம் தேதியே அந்தக் காகிதம் குப்பைக்குப் போய்விடும்.

பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு பில், போனில் கட்டிய கணக்கு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு எடுங்கள். மூன்று மாதம் பார்த்தால் போதும் என்பார்கள், போதாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு அந்த மூன்று மாதத்தில் சிக்காமல் போகலாம். ஒவ்வொரு செலவையும் மூன்று பக்கமாகப் பிரியுங்கள். வாடகை, தவணை, மின்கட்டணம் போலத் தேதி வைத்து வருபவை ஒரு பக்கம். மளிகை, காய்கறி, போக்குவரத்து போல அன்றாடம் ஓடுபவை இன்னொரு பக்கம். எப்போதாவது வருபவை மூன்றாவது பக்கம்.

எழுதுவதற்கு ஆப் போதுமே, நோட்டு எதற்கு என்று நானும் கேட்டவள்தான். ஜப்பானில் ஹானி மொதோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை வெளியிட்டார். 'ககேய்போ' என்று அங்கே இன்றும் புழங்கும் அந்த வழக்கத்தில் கையால் எழுதுவதற்குத்தான் மதிப்பு. எனக்கு நோட்டு பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஆப்பில் இருந்த கணக்கு எனக்கு மட்டும் தெரிந்தது. சமையலறை அலமாரியில் நூல் கட்டிய பென்சிலோடு கிடந்த நோட்டை வீட்டில் எல்லோரும் புரட்டினார்கள். ஒருநாள் பார்த்தால் "ரப்பர், ஸ்கேல்" என்று மகள் கையெழுத்தில் ஒரு வரி. தொகை போடத் தெரியவில்லை, ஆனால் வாங்கியது செலவு என்று தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் எங்கே பார்த்தாலும் 50-30-20 கணக்கு கிடைக்கும். தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20. அமெரிக்காவில் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதியதன் மூலம் பரவிய கணக்கு இது. ஒரே வருமானத்தில் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் தேவை 50-க்குள் நிற்பது அபூர்வம். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் விகிதம் கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே கண்டு சொல்லிவிட்டார். உங்கள் சாப்பாட்டுச் செலவின் விகிதம் பக்கத்து வீட்டைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் நீங்கள் ஊதாரி என்று அர்த்தமில்லை. உங்கள் விகிதத்தை உங்கள் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 2: தேதிகளை வரிசைக்குக் கொண்டுவாருங்கள்

இது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த ஐந்து நாட்களுக்குள் எல்லாக் கட்டணமும் போகும்படி மாற்றுங்கள். தவணைத் தேதியையும் கார்டு பில் தேதியையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள். பில்கள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அக்கவுன்ட்டில் தெரியும் தொகை உங்களை ஏமாற்றும். பதினைந்தாம் தேதி 40 பங்கு இருப்பதாகத் தெரியும். அதில் 18 இருபதாம் தேதி போக வேண்டியது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

மறந்துபோன சந்தாக்கள் ஆட்டோ டெபிட்டில் போய்க்கொண்டிருந்தால் அதையும் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராத வீடுகளும் உண்டு. கமிஷன், சொந்தத் தொழில், நாள் கூலி. அவர்கள் கடந்த 12 மாதத்தில் குறைவாக வந்த மாதம் எது என்று பார்த்து, அந்தத் தொகையையே 100 பங்கு என்று கொள்ள வேண்டும். வருவதெல்லாம் முதலில் ஒரு தனி அக்கவுன்ட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகையை எடுத்து, உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எப்போதாவது வரும் செலவுக்கு மாதாமாதம் பணம் கட்டுங்கள்

மற்ற படிகளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது பக்கத்தில் எழுதியதை எடுத்துக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, பள்ளி திறக்கும்போது 40 பங்கு, இன்சூரன்ஸ் பிரீமியம் 30, வண்டிப் பராமரிப்பு 14, வீட்டு ரிப்பேர் 12, உறவுக்காரர் வீட்டு விசேஷங்கள் 12, வருடத்துக்கு ஒரு பயணம் 12. மொத்தம் 120. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10 பங்கு. அதாவது நீங்கள் 100-ல் குடும்பம் நடத்தவில்லை, 90-ல்தான் நடத்துகிறீர்கள். இந்த உண்மை தெரிந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்த 10 எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. என்னைக் கேட்காமல் போனது, வட்டியோடு போனது.

இந்த 10 பங்கைச் சம்பள நாளன்றே தனி அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். அதற்குக் கார்டு வேண்டாம். ஒவ்வொரு பணத்துக்கும் மனதில் தனிப் பெயர் ஒட்டி வைத்துக்கொள்வது மனித இயல்பு என்று சொன்னவர் ரிச்சர்ட் தேலர், 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பழக்கத்தை இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். "சேமிப்பு" என்று பொதுப்பெயர் வைத்தால் கை வைக்கத் தோன்றும். "பள்ளி, இன்சூரன்ஸ், வண்டி" என்று பெயர் போட்டு வைத்தால் அது ஏற்கெனவே செலவான பணமாகத்தான் மனதில் படும்.

முதல் வருடம் மட்டும் கொஞ்சம் இடிக்கும், இதை யாரும் சொல்வதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மட்டுமே 40-ஐ நான்கால் வகுத்து மாதம் 10 போட வேண்டும். மற்றவற்றுக்கு மிஞ்சாது. இதற்கு மூன்று வழி உண்டு. கட்டணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேட்பது, எங்கிருந்தாவது வரும் போனஸை முழுதாக இந்த அக்கவுன்ட்டில் போடுவது, அந்த வருடம் மட்டும் பயணத்தைத் தள்ளிவைப்பது. நாங்கள் மூன்றையும் செய்தோம். பயணத்தை ரத்து செய்ததற்குப் பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து வண்டி தானாக ஓட ஆரம்பித்தது.

படி 4: அன்றாடச் செலவை வாரக் கணக்கில் வையுங்கள்

மாதத்துக்கு ஒரே தொகையாகக் கையில் இருந்தால் முதல் பத்து நாள் ராஜா, கடைசிப் பத்து நாள் கஞ்சி. அதனால் வாரக் கணக்கு நல்லது. ஆனால் அதில் ஒரு பொடி வைத்த இடம் இருக்கிறது. வாரத்துக்கு 5 பங்கு என்றால் மாதத்துக்கு 20 என்று கைவிரலில் எண்ணிவிடுவோம். நான்கு வாரம் என்பது 28 நாள்தான். வருடத்தில் 48 வாரம் இல்லை, 52 வாரம். 5-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 21.7 வரும். இந்த 1.7 பங்கு மாதாமாதம் துண்டு விழுந்து, வருடத்தில் 20 பங்காகிவிடும். மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் இழுபறியாக இருப்பதன் பாதி ரகசியம் இதுதான்.

வாரத்தை எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதும் முக்கியம். வெள்ளி அன்று புதுப் பணம் வந்தால் சனி ஞாயிறிலேயே போய்விடும். நான் திங்களில் தொடங்குகிறேன். வார இறுதிக்கு எவ்வளவு மிச்சம் என்பது வெள்ளிக்கிழமையே கண்ணில் தெரிந்துவிடும். வெளியே சாப்பிடப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டியதில்லை, அந்த வாரப் பணம் வைத்த கவர் முடிவு செய்துவிடும்.

ரொக்கக் கவரா, தனிக் கார்டா என்பது உங்கள் வசதி. அன்றாடச் செலவு மட்டும் ஒரே இடத்திலிருந்து போக வேண்டும்.

படி 5: கேள்வி கேட்காத பணம்

இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இந்தப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது மற்றவர் எதை வாங்கினாலும் அதற்கு ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் மனசு தானாகத் தயாரித்து வைத்துக்கொள்ளும். நான் ஒரு புத்தகம் வாங்கிவிட்டு, அதை மளிகைக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறேன். கணவர் நண்பர்களோடு டீ குடித்த காசைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இரண்டுமே சின்னத் தொகைதான், ஆனால் நோட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நோட்டு பொய் சொன்னால் அதன் பிறகு போடும் கணக்கு எதுவும் நிற்காது.

தீர்வு எளிது. இருவருக்கும் சமமான தொகை, எங்கள் வீட்டில் ஆளுக்கு 3 பங்கு, மாத முதலில் பிரித்துவிட வேண்டும். சம்பாதிப்பவருக்கு அதிகம், வீட்டில் இருப்பவருக்குக் குறைவு என்ற பேச்சே கூடாது. அதில் என்ன வாங்கினாலும் நோட்டில் வராது, கேட்கவும் கூடாது. கேட்பதற்கு வாய் வரும், எனக்கும் வரும். அவர் மூன்று மாதம் சேர்த்து ஒரு இயர்போன் வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதோடு பத்து நாளைக்கு ஒருமுறை இருவரும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் அது விசாரணையாகிவிடும், மாற்றுவதற்கும் எதுவும் மிஞ்சியிருக்காது. பத்தாம் தேதி உட்கார்ந்தால் இன்னும் இருபது நாள் கையில் இருக்கிறது. "ஏன் செலவு பண்ணே?" என்று தொடங்க வேண்டாம். "அடுத்த பத்து நாள்ல என்னென்ன வருது?" என்று தொடங்குங்கள். பேச்சு போகும் திசையே வேறாக இருக்கும்.

படி 6: அவசர நிதி, பொறுமையோடு

இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றால் பாதி மிஞ்சும். இங்கே நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஆறு மாதச் செலவாவது கையில் இருப்பது நல்லது. இதைக் கேட்டதும் 600 பங்கா என்று மலைக்க வேண்டாம். வேலை போன மாதத்தில் பயணத்துக்கும் பரிசுக்கும் யாரும் ஒதுக்கப்போவதில்லை. வாடகை, பில், சாப்பாடு, கட்டணம், பிரீமியம் என்று அத்தியாவசியத்தை மட்டும் கூட்டினால் 70 பங்கு வரும் என்று கொள்வோம். ஆறு மாதத்துக்கு 420.

மாதம் 5 பங்கு போட்டால் 420 சேர ஏழு வருடம் ஆகும். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் முதல் 70 சேர 14 மாதம்தான். அந்த ஒரு மாதப் பணம் கையில் வந்ததுமே பதற்றம் குறைந்துவிடுகிறது. வாஷிங் மெஷின் நின்றால் கடன் வாங்க ஓடுவதில்லை. மீதியைச் சம்பள உயர்வு வரும்போது வேகப்படுத்தலாம். இந்தப் பணத்தை ஒரே நாளில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள், ஏறி இறங்கும் முதலீட்டில் வேண்டாம்.

படி 7: கார்டுக் கடன் இருந்தால்

முதல் இரண்டு வருடத்தில் ஒருமுறை பள்ளிக் கட்டணமும் பிரீமியமும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. 60 பங்கைக் கார்டில் தேய்த்தேன். பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று சின்னதாக ஒன்று இருக்கும், அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கணக்கைப் பாருங்கள். மாத வட்டி 3 சதவீதம் என்றால் 60-க்கு வட்டி 1.8. குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால் கட்டியது 3. கடனில் குறைந்தது 1.2 மட்டும். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

இப்படி ஒரு கடன் இருந்தால், ஒரு மாத அவசர நிதி சேர்ந்ததும் மீதி சேமிப்பை நிறுத்திவிட்டு முதலில் இதை அடையுங்கள். 42 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டே டெபாசிட்டில் சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. பல கடன்கள் இருந்தால் வட்டி அதிகமானதிலிருந்து தொடங்குங்கள். சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் பணம் கூடுதலாகப் போகும்.

படி 8: காப்பீடும் காகிதங்களும்

சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு), எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு. முதலாவதற்கு ஆண்டு வருமானத்தைப் போலப் பத்து மடங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், கடனும் இருந்தால், அதற்கு மேலும் வேண்டியிருக்கும். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒரே பாலிசியில் கலக்காமல் இருப்பது என் கட்சி.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உயிருக்கும் உழைப்புக்கும் விலை உண்டு. அவர் மூன்று மாதம் படுத்துவிட்டால் குழந்தை பராமரிப்பு, சமையல், வயதானவர்களைக் கவனிப்பது என்று எத்தனை பேருக்குச் சம்பளம் தர வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். அவருக்கும் காப்பீடு எடுப்பதைப் பற்றி யோசிக்க அந்த எண் போதும்.

சம்பாதிக்காதவர் எல்லா அக்கவுன்ட்டும் எங்கே இருக்கிறது, நாமினி யார், பிரீமியம் எப்போது, லாக்கர் சாவி எங்கே என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூடவே அவர் பெயரில் ஒரு அக்கவுன்ட்டும் அதில் ஒரு மாதச் செலவுக்கான பணமும். இதைக் கேட்பதற்கு எனக்கு ஆறு மாதம் கூச்சமாக இருந்தது. கேட்டபோது கணவர் பழைய பாலிசி ஒன்றை எடுத்துப் பார்த்தார். நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன் போட்ட அவருடைய அப்பா பெயரே இருந்தது, மாமனார் காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

படி 9: சம்பளம் கூடும்போது

வருமானம் ஏறினால் செலவும் அந்த மட்டத்துக்கு ஏறிவிடும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1960-லேயே கிண்டலாகச் சொன்னார். அதனால் உயர்வு கைக்கு வரும் முதல் மாதத்திலேயே அதில் பாதியை அவசர நிதிக்கோ கடனுக்கோ திருப்பிவிடுங்கள். முழுதையும் திருப்ப வேண்டாம், நிலைக்காது. விலைவாசியும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பாகிவிடும்.

மற்றவரும் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி இந்தச் சமயத்தில்தான் எழும். வரும் சம்பளத்திலிருந்து குழந்தைகள் காப்பகம், போக்குவரத்து, அவசரத்துக்கு வெளியே வாங்கும் சாப்பாடு, கூடுதல் வரி எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது சில சமயம் சிரிப்பாக இருக்கும். அப்படியும் போக விரும்பினால் போகலாம். இடைவெளி நீள நீள மறுபடி உள்ளே நுழைவது கடினமாகிறது, அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை மூன்றாவது பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். போன வருடம் போட்டதை அடிக்காமல் பக்கத்திலேயே உண்மையான தொகையை எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் வீட்டு ரிப்பேருக்கு 12 என்று போட்டிருந்தேன், ஆனது 19. விசேஷங்களுக்கு 12 போட்டதில் 8-தான் ஆனது. இந்த வருடம் ரிப்பேருக்கு 18, விசேஷத்துக்கு 10. மாடிக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் 18-ஐப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.